மென்பொருளுக்குள் இருக்கிறது, கோப்புறையில் இல்லை: காணாமல்போன ஒலிப்பதிவுகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நீண்ட நாவலை ஒலிநூலாக வாசித்துப் பதிவு செய்துவந்த மூத்த குரல் கலைஞர் ஒருவரின் கணினியில் நடந்தது இது. இருபது இயல்களையும் வாசித்து, தடுமாறிய இடங்களையும் இருமல்களையும் வெட்டியெடுத்து, ஒவ்வொன்றாகச் சேமித்து வைத்திருந்தார். பதிப்பகத்துக்கு அனுப்புவதற்காக வெளி வன்தட்டில் நகலெடுக்கப் போனபோது, கோப்புறையில் இயல் 1 மட்டுமே இருந்தது. மென்பொருளைத் திறந்தால் இருபது இயல்களும் வரிசையாகத் தெரிந்தன. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் அதே கோப்புறைக்குப் போனால் ஒன்றே ஒன்று.

தெரிந்தவர் ஒருவர், மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராக, அதாவது கணினியில் எதையும் மாற்றக்கூடிய முழு உரிமையோடு, இயக்கிப் பார்க்கும்படி யோசனை சொன்னார். அப்படி இயக்கியதும் மென்பொருளுக்குள்ளேயும் பத்தொன்பது இயல்களைக் காணவில்லை. அடுத்து வந்த யோசனை, அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை நிறுவுவது. அதைத் தரவிறக்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்னை அழைத்தார்.

"தம்பி, நேற்று வரை உள்ளேயாவது இருந்தது. இன்று உள்ளேயும் இல்லை. மறுபடி முதலிலிருந்து வாசிக்க என் தொண்டை தாங்காது."

"எதையும் நிறுவ வேண்டாம், அம்மா. புதிதாக எதையும் பதிவு செய்யவும் வேண்டாம். கணினியை அப்படியே விட்டுவிடுங்கள், நான் வருகிறேன்."

மீட்பு மென்பொருளைத் தள்ளிவைத்தது ஏன்

ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் அந்த நொடியே துடைக்கப்படுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அங்கே வேறொன்று எழுதப்படும் வரை பழைய ஒலி கிடக்கும். மீட்பு மென்பொருளை அதே டிரைவில் நிறுவினால் அதுவே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடும். சுழலும் வன்தட்டில் நிலைமை இது. சுழலும் பாகமில்லாமல் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் இன்னும் மோசம். காலியான இடங்கள் எவை என்பதை விண்டோஸ் 'டிரிம்' என்ற கட்டளை மூலம் எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடும். அது தனக்கு வசதியான நேரத்தில் அவற்றைத் துடைத்துக்கொள்ளும். துடைத்தபின் எந்த மீட்பு மென்பொருளும் உதவாது.

இந்தக் கணினியில் இருந்தது எஸ்எஸ்டி. ஆக, கோப்புகள் உண்மையிலேயே அழிந்திருந்தால் மீட்கும் வாய்ப்பு சொற்பம். அழியவில்லை என்றால் மீட்பு மென்பொருளுக்கே வேலையில்லை. எந்த வழியில் பார்த்தாலும் அதை நிறுவ அவசரம் கிடையாது. பதற்றத்தில் இருப்பவரிடம் இதை எடுத்துச் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம். எதையாவது செய்துகொண்டிருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

கேட்டறிந்தவை

கணினியைத் தொடுவதற்கு முன் கேள்விகள். சேமிக்கும்போது பிழைச் செய்தி ஏதாவது வந்ததா? வரவில்லை. சேமித்தபின் மென்பொருளின் தலைப்புப் பட்டையில் இயலின் பெயர் தெரிந்ததா? தெரிந்தது. கணினியை அணைத்துவிட்டு மறுநாள் திறந்தபோது விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர முடிந்ததா? ஒவ்வொரு நாளும் அப்படித்தான் தொடர்ந்திருக்கிறார்.

இந்தக் கடைசி பதிலிலேயே பாதி விசாரணை முடிந்துவிட்டது. கணினியை அணைத்தபின்னும் ஒலி திரும்பக் கிடைத்திருக்கிறது என்றால், அது நினைவகத்தில் மட்டும் இருந்தது அல்ல. வட்டில் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. எங்கே என்பது மட்டும்தான் மிச்சம்.

மென்பொருளைப் பற்றி விசாரித்தேன். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வாங்கியது, பழைய 32 பிட் வகை. அதன் குறுக்குவிசைகள் எல்லாம் விரல்களுக்குப் பழகிவிட்டதால் கணினி மாறும்போதெல்லாம் கூடவே எடுத்துவந்திருக்கிறார். இதில் நான் குறை காண மாட்டேன். நாள் முழுக்க ஒலியை வெட்டி ஒட்டுகிறவருக்குப் பழகிய கருவி பெரிய சொத்து. ஒலியை நேரடியாக வேவ் என்ற சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகவே திருத்திச் சேமிக்கும் வகை அது. அதைத் தவிர, தொடக்க இசையையும் இயல்களையும் அடுக்கி வைக்கும் பல்தடத் தொகுப்புக்கென்று ஒரு சிறிய புராஜெக்ட் கோப்பும் உண்டு.

அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலில் முகவரியைப் பார்த்தேன். சி டிரைவ், அதில் எக்ஸ்86 என்ற பின்னொட்டு கொண்ட புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் மென்பொருளின் பெயரில் ஒரு கோப்புறை, அதற்குள் புராஜெக்ட்ஸ். நிறுவிய நாளில் மென்பொருள் தானாகவே தேர்ந்துகொண்ட இடம் அது. அவர் மாற்றவில்லை, மாற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ், சாதாரண உரிமையோடு இயங்கும் மென்பொருள் எழுதக்கூடிய இடமே அல்ல. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அங்கே எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கட்டாயம். அப்படியானால் இத்தனை நாளும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் சேமிப்பு நடந்தது எப்படி?

இயல் 1 சொன்ன சாட்சி

எக்ஸ்ப்ளோரரில் மிச்சமிருந்த அந்த ஒரே கோப்பைப் பார்த்தேன். மாற்றப்பட்ட தேதி, மென்பொருளை நிறுவிய நாள். அவரோ அதன்பிறகு பலமுறை அந்த இயலைத் திருத்தியிருக்கிறார். போட்டுக் கேட்டோம். முதல் பத்தியிலேயே ஓர் இருமல், அதைத் தொடர்ந்து "மன்னிக்கவும், மறுபடி" என்று அவருடைய குரல்.

"இதை நான் என்றைக்கோ வெட்டியெறிந்துவிட்டேனே! எப்படித் திரும்பி வந்தது?"

திரும்பி வரவில்லை, அது போகவே இல்லை. திருத்தங்கள் எல்லாம் வேறொரு பிரதியில் நடந்திருக்கின்றன. நிறுவிய நாளில் எழுதப்பட்ட இயல் 1 புரோகிராம் ஃபைல்ஸில் அசையாமல் கிடந்திருக்கிறது. ஒரே பெயர், ஒரே முகவரி, இரண்டு கோப்புகள். இப்படி ஒரு விசித்திரத்தைச் செய்யக்கூடியது விண்டோஸில் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. இருந்தாலும், அதை நிரூபிக்கும் முன் மற்ற காரணங்களை ஒதுக்க வேண்டியிருந்தது.

ஒதுக்கிய காரணங்கள்

சேமிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் குழப்பிக்கொள்வது அன்றாடம் நடப்பது. ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 'புராஜெக்ட்டைச் சேமி' என்று கொடுத்தால் கிடைப்பது அந்த மென்பொருளில் மட்டும் திறக்கும் கோப்பு; எம்பி3 வேண்டுமென்றால் தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். 2021 மார்ச்சில் 3.0 பதிப்பு வரும் வரை இன்னொரு சிக்கலும் அதில் இருந்தது. ஏயூபி என்ற சிறிய கோப்பில் குறிப்புகள் மட்டும் இருக்கும். ஒலி முழுவதும் அதே பெயரில் 'டேட்டா' என்று முடியும் கோப்புறைக்குள் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 1 எம்பி அளவு. கோப்பை மட்டும் நகர்த்திவிட்டுக் கோப்புறையை விட்டுவிட்டால் திறக்கும்போது வெறும் மௌனம்தான். 3.0 முதல் எல்லாம் ஏயூபி3 என்ற ஒரே தரவுத்தளக் கோப்பாகிவிட்டது. இந்த வகைத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. நம் நிகழ்வில் இயல்கள் நேரடியாக வேவ் கோப்புகள் என்பதால் இதற்கு இடமில்லை.

மென்பொருள் பாதியில் நின்றுபோய், அடுத்த முறை திறக்கும்போது மீட்கவா, நீக்கவா என்று கேட்கும். கேள்வியை முழுதாகப் படிக்காமல் நீக்கு என்பதை அழுத்துகிறவர்கள் உண்டு. சேமிக்காத வேலை அத்தோடு போய்விடும். இங்கே மென்பொருள் ஒருமுறைகூட நின்றுபோகவில்லை.

மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ், டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் கணினியில் அதே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்கும். மென்பொருள் பழைய முகவரியில் எழுதிக்கொண்டிருக்க, நாம் புதியதில் தேடிக்கொண்டிருப்போம். இங்கே முகவரி டாக்குமெண்ட்ஸே அல்ல.

விண்டோஸ் 10-இல் 2017-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற பாதுகாப்பு வசதியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தேன். பிணைப்பணம் கேட்கும் தீநிரல்களைத் தடுப்பதற்காக வந்தது இது. தனக்குத் தெரியாத மென்பொருள்கள் டாக்குமெண்ட்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் போன்ற இடங்களில் எழுதுவதைத் தடுத்துவிடும். இயல்பாக அணைந்தே இருக்கும். ஆனால் யாராவது நல்லெண்ணத்தில் இயக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் போயிருப்பார்கள். இதன் எரிச்சல் என்னவென்றால், தடுக்கப்பட்ட மென்பொருளுக்குத் தான் ஏன் தடுக்கப்பட்டோம் என்பது தெரியாது. அதனால் கோப்பைக் காணவில்லை, எழுத முடியவில்லை என்று வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லும். கணினியில் நடப்பவற்றின் குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், விண்டோஸ் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பதிவேட்டுக்குள் 1123 என்ற எண்ணில் பதிவு இருந்தால் குற்றவாளி அதுதான். இந்தக் கணினியில் அந்த வசதி அணைந்திருந்தது. 1123 ஒன்றும் இல்லை.

ரீசைக்கிள் பின் காலி. வைரஸ் தடுப்பானின் தனிமைப்படுத்தும் பகுதியும் காலி.

ஒரு கணக்கு

கோப்புகள் இருக்கின்றனவா என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் முன், கணக்குப் போட்டே ஓரளவு சொல்லிவிடலாம். சுருக்கப்படாத ஒலிக்கு இந்த வசதி உண்டு. வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் வினாடிக்கு 88,200 பைட். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 எம்பி. ஓர் இயல் சராசரியாக 40 நிமிடம் என்று அவர் சொன்னார். அப்படியென்றால் ஓர் இயலுக்குச் சுமார் 212 எம்பி, இருபது இயல்களுக்கு 4 ஜிபியை ஒட்டி வரும்.

இது ஒளித்துவைக்கக்கூடிய அளவு அல்ல. பெயரை மறந்துவிட்டாலும், மாற்றிவைத்துவிட்டாலும் பருமன் காட்டிக்கொடுத்துவிடும். கோப்புறைகளை அளவு வாரியாகப் படம் வரைந்து காட்டும் வின்டிர்ஸ்டாட் போன்ற கருவியை ஒரு யூஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கினால், கணினியில் எதையும் நிறுவாமலேயே பார்த்துவிடலாம். பெயரைக் கொடுத்துத் தேடுவதைவிட இப்படி அளவைக் கொண்டு தேடுவதையே நான் எப்போதும் முதலில் செய்வேன். பெயர் பொய் சொல்லும். பைட் கணக்கு பொய் சொல்லாது.

படம் விரிந்தது. பயனர் கோப்புறைக்குள், எக்ஸ்ப்ளோரர் வழக்கமாகக் காட்டாத ஒரு மூலையில், ஏறத்தாழ 4 ஜிபிக்கு வேவ் கோப்புகள் ஒரு தடித்த கட்டமாக நின்றன.

சோதனைக் கோப்பு

இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. எப்படி அங்கே போயின என்பதையும் கையோடு உறுதி செய்ய நினைத்தேன். இல்லாவிட்டால் இன்னொரு நாள் இதே கதை நடக்கும்.

மென்பொருளின் ஷார்ட்கட்டில், பண்புகள் சாளரத்தின் கம்பேட்டபிலிட்டி பகுதியில், அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு என்று இடப்பட்டிருந்த குறியை எடுத்தேன். சாதாரணமாகத் திறந்தேன். இருபது இயல்களும் பட்டியலில் வந்து நின்றன. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

இரண்டு வினாடிக்கு ஒலி பதிந்து, வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத ஒரு பெயரில், 'வரிக்குதிரை77' என்று, அதே கோப்புறையில் சேமித்தேன். சேமிப்பு வெற்றி. எக்ஸ்ப்ளோரரில் அதே முகவரி: இயல் 1 மட்டும். விண்டோஸ் தேடல்பெட்டியில் அந்தப் பெயரைக் கொடுத்தேன், ஒன்றும் இல்லை. பிறகு கட்டளைச் சாளரத்தில் 'டிர்' கட்டளைக்கு, மறைந்த கோப்புகளையும் எல்லா உட்கோப்புறைகளையும் பார் என்ற குறிகளைச் சேர்த்து, சி டிரைவின் வேரிலிருந்து தேடவிட்டேன். ஒரே ஒரு வரி விடையாக வந்தது. பயனர் கோப்புறை, அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் 'வெர்ச்சுவல்ஸ்டோர்', அதற்குள் மறுபடியும் எக்ஸ்86 பின்னொட்டுடன் ஒரு புரோகிராம் ஃபைல்ஸ், மென்பொருளின் பெயர், புராஜெக்ட்ஸ், வரிக்குதிரை77. படத்தில் தடித்து நின்ற அதே மூலை.

மென்பொருள் எழுதியதாக நம்பும் முகவரியும் உண்மையில் எழுதப்பட்ட முகவரியும் கண்ணெதிரே தனித்தனியாக நின்றன.

என்ன நடந்தது

விஸ்டா வருவதற்கு முன், வீட்டுக் கணினிகளில் எல்லோருமே அட்மினிஸ்ட்ரேட்டராகத்தான் இருந்தார்கள். மென்பொருள் எழுதியவர்களும் அதை நம்பி, அமைப்புகளையும் பயனரின் கோப்புகளையும் மென்பொருளின் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே வைத்தார்கள். விஸ்டா அந்த உரிமையைப் பறித்தபோது பழைய மென்பொருள்கள் கூட்டம் கூட்டமாக முடங்கிப்போகும் நிலை. அதைச் சமாளிக்க மைக்ரோசாஃப்ட் சேர்த்த ஏற்பாடுதான் கோப்பு மெய்நிகராக்கம். யூஏசி என்ற புதிய உரிமை முறையைத் தனக்குத் தெரியும் என்று அறிவிக்காத 32 பிட் மென்பொருள் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் மறுப்பதில்லை. 'ஆகட்டும்' என்று சொல்லிவிட்டு, அந்தப் பயனருக்கே உரிய வெர்ச்சுவல்ஸ்டோரில் எழுதிவைத்துவிடும். அதே மென்பொருள் படிக்க வரும்போது வெர்ச்சுவல்ஸ்டோரை முதலில் பார்க்கும். அங்கே இல்லாததை உண்மையான கோப்புறையிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இரண்டையும் கலந்து ஒரே கோப்புறை போலக் காட்டுவதால் மென்பொருளுக்கு எந்தச் சந்தேகமும் எழாது.

எக்ஸ்ப்ளோரருக்கு இந்தக் கலவை கிடையாது. அது உண்மையான கோப்புறையை மட்டும் காட்டுகிறது. ஆப்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை. விண்டோஸ் தேடலின் அட்டவணையிலும் அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. தேடல்பெட்டி கைவிரித்ததற்குக் காரணம் அதுதான்.

அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கியதும் உள்ளேயும் காணாமல் போனது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உயர்ந்த உரிமையோடு இயங்கும் மென்பொருளுக்கு மெய்நிகராக்கம் பொருந்தாது. அது நேராக உண்மையான கோப்புறைக்குப் போகும். அங்கே இயல் 1 தவிர வேறொன்றும் இல்லை. பழைய 32 பிட் பதிப்பை விட்டு 64 பிட் பதிப்புக்கு மாறுகிறவர்களும் இதே அதிர்ச்சியைச் சந்திக்கலாம். 64 பிட்டுக்கும் இந்த ஏற்பாடு கிடையாது. வேறு பயனர் கணக்கில் நுழைந்தாலும் அப்படியே, ஏனென்றால் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி வெர்ச்சுவல்ஸ்டோர்.

சரி, இயல் 1 எப்படி உண்மையான இடத்தில் உட்கார்ந்தது? நிறுவி முடித்ததும் 'இப்போதே திறக்கவா' என்று கேட்கும் பெட்டியில் குறியை விட்டுவைத்தால், நிறுவிக்குக் கொடுத்த அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடே மென்பொருளும் திறக்கக்கூடும். அன்றைக்கு அந்த உற்சாகத்திலேயே அவர் இயல் 1-ஐ வாசித்துச் சேமித்திருக்கிறார். அது உண்மையான கோப்புறைக்குப் போய்விட்டது. மறுநாள் சாதாரணமாகத் திறந்து இருமலை வெட்டிச் சேமித்தபோது, விண்டோஸ் அதன் பிரதியை வெர்ச்சுவல்ஸ்டோரில் உருவாக்கித் திருத்தத்தை அதில் எழுதியது. மூலம் இருமலோடு அப்படியே நின்றது.

டாஸ்க் மேனேஜரில் விவரங்கள் பகுதிக்குப் போய், யூஏசி மெய்நிகராக்கம் என்ற நெடுவரிசையைச் சேர்த்துக்கொண்டால் எந்த மென்பொருளுக்கு இது நடக்கிறது என்று தெரிந்துவிடும். சாதாரணமாகத் திறந்தபோது இந்த மென்பொருளுக்கு எதிரே 'இயக்கப்பட்டது' என்று இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தபோது 'அனுமதி இல்லை'.

மைக்ரோசாஃப்ட் இதை இடைக்கால ஏற்பாடு என்றுதான் சொல்லி வந்திருக்கிறது. அந்த இடைக்காலம் இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு மென்பொருளின் அமைப்புக் கோப்பு இப்படித் திசைதிருப்பப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு மனிதரின் பல வார உழைப்பையும் அதே வழியில், ஒரு சொல்கூடச் சொல்லாமல் அனுப்பிவைப்பதை என்னால் வசதி என்று ஒப்புக்கொள்ள முடியாது. 'இங்கே எழுத உங்களுக்கு உரிமை இல்லை' என்று முதல் நாளே முகத்தில் அடித்தாற்போல் ஒரு செய்தி வந்திருந்தால், இடத்தை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருப்பார்.

இதைவிட எனக்குத் திகைப்பூட்டியது வேறு. அவர் காப்புப்பிரதி எடுக்கும் பழக்கம் உள்ளவர். விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்றவற்றைத்தான் நகலெடுக்கும். ஆப்டேட்டாவை எட்டிக்கூடப் பார்க்காது. எஸ்எஸ்டி பழுதாகியிருந்தால் அந்த நாவலில் ஓர் இயல்கூட மிஞ்சியிருக்காது.

மீட்பும், அதில் இருந்த ஒரு கண்ணியும்

மென்பொருளை மூடிவிட்டு, வெர்ச்சுவல்ஸ்டோரில் இருந்த புராஜெக்ட்ஸ் கோப்புறையை முதலில் வெளி வன்தட்டுக்கு நகலெடுத்தேன். பிறகு டாக்குமெண்ட்ஸில் உருவாக்கிய புதிய கோப்புறைக்கு. நகல்தான், நகர்த்தல் இல்லை. இந்த அமைப்பில் எதையும் அழிப்பது ஆபத்து: வெர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள பிரதியை அழித்தால், அதே பெயரில் உண்மையான கோப்புறையில் கிடக்கும் பழைய பிரதி அந்த இடத்தில் வந்து நின்றுகொள்ளும். பார்ப்பவர் ஒன்றுமே அழியவில்லை என்று எண்ணி, இருமலோடு கூடிய இயலை அச்சகத்துக்குப் போகும் கையெழுத்துப் பிரதி போல நம்பிக்கையாக அனுப்பிவைத்துவிடுவார். புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த இயல் 1-ஐயும் 'பழையது' என்று பெயர் மாற்றித் தனியே நகலெடுத்து வைத்தேன்.

இருபது கோப்புகளின் பைட் அளவுகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின், ஒவ்வொன்றையும் புதிய இடத்திலிருந்து திறந்து கால அளவைப் பார்த்தோம். தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் கேட்டார். எல்லாம் சரி. பல்தடத் தொகுப்பின் புராஜெக்ட் கோப்பையும் புதிய இடத்திலிருந்து திறந்தோம். அதுவும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் திறந்தது.

அந்தச் சுமுகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இத்தகைய புராஜெக்ட் கோப்பில் ஒலி இருப்பதில்லை. எந்தத் தடத்தில் எந்தக் கோப்பு, எந்த வினாடியிலிருந்து எது வரை என்ற குறிப்புகளே இருக்கும். ரீப்பர் போன்ற இன்றைய மென்பொருள்களின் புராஜெக்ட் கோப்புகளை எழுத்துத் தொகுப்பானில் திறந்தே படித்துவிடலாம். இந்தப் பழைய மென்பொருளின் கோப்பும் படிக்கக்கூடியதாகவே இருந்தது. ஒரு நகலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் புரோகிராம் ஃபைல்ஸ் முகவரி முழுதாக எழுதப்பட்டிருந்தது. புராஜெக்ட் கோப்பு புதிய வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. ஒலியை மட்டும் இன்னும் வெர்ச்சுவல்ஸ்டோரிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. சில மாதங்கள் கழித்து யாராவது பழைய கோப்புறையைச் சுத்தம் செய்திருந்தால் தொகுப்பு மௌனமாகியிருக்கும். பதிப்பகத்தில் ஒலித்தொகுப்பு பார்ப்பவர் முன்பு ஒருமுறை, 'நீங்கள் அனுப்பியது சில கிலோபைட்தான் இருக்கிறது, ஒன்றும் ஒலிக்கவில்லை' என்று சொன்னதாக அவர் அப்போதுதான் நினைவுகூர்ந்தார். அன்று அனுப்பியது இந்தப் புராஜெக்ட் கோப்பை மட்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பழைய இடம் இல்லாதபோது என்ன ஆகிறது என்று பார்ப்பது. வெர்ச்சுவல்ஸ்டோரில் இருந்த கோப்புறையின் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு, புராஜெக்ட்டைத் திறந்தேன். எதிர்பார்த்தபடியே இயல் 2-ஐக் காணவில்லை, இயல் 3-ஐக் காணவில்லை என்று வரிசையாகக் கேட்டது. இயல் 1-ஐ மட்டும் கேட்கவில்லை. புரோகிராம் ஃபைல்ஸில் இருந்த இருமல் பிரதியை எடுத்துக்கொண்டுவிட்டது! அதை மூடிவிட்டு, புராஜெக்ட்டின் நகலில் எல்லா முகவரிகளையும் புதிய கோப்புறைக்கு மாற்றி எழுதினேன். மறுபடி திறந்தபோது எதையும் கேட்கவில்லை. இயல் 1-இலும் இருமல் இல்லை.

மென்பொருளின் அமைப்புகளில் இயல்பாகச் சேமிக்கும் இடத்தை டாக்குமெண்ட்ஸுக்கு மாற்றினேன். தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தையும் புரோகிராம் ஃபைல்ஸிலிருந்து வெளியே கொண்டுவந்தேன். வரிக்குதிரை78 என்று இன்னொரு கோப்பைச் சேமித்தேன். இந்த முறை எக்ஸ்ப்ளோரரில் உடனே தெரிந்தது. ஃபைல் ஹிஸ்டரியின் அடுத்த சுற்றில் காப்புப்பிரதியிலும் அது இருந்ததைப் பார்த்த பிறகே சரி என்று சொன்னேன். பெயர் மாற்றிய பழைய கோப்புறையை, ஒலிநூல் வெளிவரும் வரை தொட வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன்.

இரண்டு இயல் 1

ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த அன்று, தன் திருத்தங்கள் போய்விட்டன என்று நம்பி, அவர் இயல் 1-ஐ மறுபடியும் வெட்டத் தொடங்கியிருக்கிறார். அதை 'இயல் 1 புதியது' என்று வேறு பெயரில் ஒரு யூஎஸ்பி குச்சியில் சேமித்திருந்தார். ஆக, ஒரே மூலத்திலிருந்து இரண்டு முறை திருத்தப்பட்ட இரண்டு பிரதிகள். முதலாவது பொறுமையாகச் செய்தது. இரண்டாவது அவசரத்தில் செய்தது. ஆனால் ஓர் ஊர்ப்பெயரைத் தவறாக உச்சரித்திருந்ததைக் கவனித்து, அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி வாசித்துச் சேர்த்ததாக நினைவு. எந்த இடத்தில் என்று நினைவில்லை.

நாற்பது நிமிடத்தை இரண்டு முறை கேட்டுத் தேடலாம். அதைவிடச் சுலபமான வழி ஒலியிலேயே இருக்கிறது. இரண்டு பிரதிகளையும் இரண்டு தடங்களில் வைத்து, ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி, சேர்த்து ஒலிக்கவிட வேண்டும். இரண்டும் மாதிரிக்கு மாதிரி ஒன்றாக இருக்கும் வரை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு முழு மௌனமாக இருக்கும். முதல் வெட்டு வேறுபடும் இடத்தில் மௌனம் கலைந்து குரல் இரட்டையாகக் கேட்கும். அந்த இடத்தில் ஒரு தடத்தை வெட்டின் அளவுக்கு நகர்த்தினால் மறுபடி மௌனம். இரண்டும் ஒரே பதிவிலிருந்து வந்தவை என்பதால்தான் இது பலிக்கிறது; மறுபடி முழுதாக வாசித்திருந்தாலோ, ஒன்றில் மட்டும் இரைச்சல் நீக்கியிருந்தாலோ மௌனம் கிடைக்காது.

அப்படி நகர்த்தி நகர்த்திப் போனதில், பாதியைத் தாண்டிய ஓரிடத்தில் எவ்வளவு நகர்த்தியும் மௌனம் வரவில்லை. ஒரு வாக்கியத்தின் நீளத்துக்கு மட்டும் இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசின. அடுத்த வாக்கியத்திலிருந்து மறுபடி அடங்கின. தனித்தனியாகப் போட்டுக் கேட்டோம்.

"இதுதான், இதுதான். ஊர்ப்பெயரை இரண்டாவதில்தான் சரியாகச் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

முதல் பிரதியை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டினோம். சேமிக்கும்போது முகவரியை அவரே ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, சரி என்பதை அழுத்தினார்.